சுட்டெலியும் பத்து விரல்களும்

ஊரைவிட்டுப் பிழைக்க வந்த குடும்பம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு மூலதனத்துடன்தான் வந்தது. சிலர் கடை வைக்கப் பணம் கொணர்ந்தனர். சிலர் தோள்வலிமை கொணர்ந்தனர். நம் சங்கத்து அன்பர் குடும்பங்கள் பலவற்றில் அந்த மூலதனம் பத்து விரல்களாகவே இருந்தது. தட்டச்சில் 'லோயர்', 'ஹையர்' என்னும் இரண்டு சான்றிதழ்களையும், சுருக்கெழுத்தில் ஒன்றையும் தகரப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்திக்கொண்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறிய தலைமுறை அது. அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்களுள் நாமும் ஒருவர். 1974ஆம் ஆண்டு தாதர் நிலையத்தில் வந்து இறங்கியபோது நம்மிடம் இருந்தவை ஒரு பெட்டி, ஒரு படுக்கை, நிமிடத்துக்கு 45 சொற்கள்.

நமக்குத் தட்டச்சுக் கற்பித்த ஆசிரியர் கண்டிப்பானவர். விசைகளைப் பார்க்கலாகாது, விரல்கள் நடுவரிசையை விட்டு அகலலாகாது, அகன்றாலும் உடனே தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இவைதாம் அவருடைய மூன்று கட்டளைகள். பழைய ரெமிங்டன் இயந்திரத்தின் மேல் ஒரு துண்டை விரித்து, அதன் அடியில் கைகளை நுழைத்துத் தட்டச் சொல்லுவார். கண் தாளில் இருக்க வேண்டும். கை தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பார். அந்தப் பாடத்தை வைத்தே நாம் முப்பத்தைந்து ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தோம். இரண்டு பெண்களுக்கு மணம் முடித்தோம்.

இத்தகைய ஒருவர் கையில், ஓய்வு பெற்ற பிறகு, சங்கத்தின் மாத இதழைப் பக்கம் அமைக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அதற்கென்று வாங்கிய கணிப்பொறியின் பக்கத்தில் வால் நீண்ட சிறு கருவி ஒன்றும் இருந்தது. மௌஸ் என்றும் சுட்டெலி என்றும் சொல்லப்படும் அதனைக் கண்டதும் நமக்கு ஏற்பட்டது வெறுப்பே. ஒரு சொல்லைத் திருத்துவதற்கு வலக்கை தன் வீட்டைவிட்டுக் கிளம்பிப் பக்கத்து மேசைக்குப் போய்வர வேண்டுமாம்! ஆசிரியர் உயிரோடிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

ஆனால் பகையாளியின் குலம் கோத்திரம் அறியாமல் பகைத்துக்கொண்டிருப்பது அழகன்று. ஆதலால் சுட்டெலியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1964ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் கருத்துத் தர, வில்லியம் இங்கிலிஷ் என்பவர் முதல் சுட்டெலியைச் செய்தார். அது ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கெல்பார்ட் அதனைப் பலரறிய இயக்கிக் காட்டினார். அன்று அவருடைய வலக்கையில் சுட்டெலி இருந்தது. இடக்கையின் கீழே ஐந்து விசைகள் மட்டும் கொண்ட சிறு பலகை ஒன்றும் இருந்தது. வலக்கை இடத்தைச் சுட்ட, இடக்கை ஏவலைத் தெரிவிக்கும். ஒரு கை அலைய, மறு கை சும்மா கிடப்பதை அவர் எண்ணவில்லை. இதனைப் படித்தபோது நம் வெறுப்பு பாதி தணிந்தது.

மீதிப் பாதி தணிந்தது இன்னொரு செய்தியால். 1970களின் நடுவில், செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர் 'ஜிப்சி' என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினர். யாருக்காக? ஜின் என்னும் பாடநூல் பதிப்பகத்தில் அமர்ந்து பிழை திருத்தும் ஆசிரியர்களுக்காக! கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு தாள்களை வெட்டி ஒட்டி வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கைவழக்கத்தையே திரைக்குக் கொண்டுவந்ததனால்தான் 'வெட்டு', 'ஒட்டு' என்னும் பெயர்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. சுட்டெலியால் இழுத்துச் சொற்களைத் தெரிவு செய்வதும் அங்கே உருவான வழக்கம். ஆகவே இக்கருவி, நம்மைப் போன்ற பத்திரிகைத் தொண்டர்களை மனத்தில் வைத்தே பழக்கப்பட்டது எனலாம்.

அதே நிலையத்தில் அதற்கு முன்னர் 'பிராவோ' என்றொரு செயலி இருந்தது. அதில் விசைகள் ஒரு நிலையில் எழுத்தாகும். மற்றொரு நிலையில் ஏவலாகும். நிலை மாறியிருப்பதை அறியாமல் ஒருவர் ஆங்கிலத்தில் 'எடிட்' என்ற நான்கு எழுத்துகளைத் தட்டினாராம். முதலெழுத்து முழுவதையும் தெரிவு செய்தது. இரண்டாவது அதனை அழித்தது. மூன்றாவது புதிதாகச் சேர்க்கும் நிலைக்குப் போயிற்று. நான்காவது 'டி' என்ற ஒற்றை எழுத்தாகத் திரையில் நின்றது. இவ்வாறு ஒரு கதையை அத்துறையினர் சொல்லுவதுண்டு. இத்தகைய விபத்துகள் நேராதிருக்க வேண்டும் என்பதே டெஸ்லர் தம் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கொள்கை. அவர் 2020ஆம் ஆண்டு மறைந்தார்.

நிற்க. சுட்டெலியின் சுருக்கு வழிகளை நமக்குக் கற்பித்தவர் யார் தெரியுமோ? பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் சிறுமி. நாம் ஒரு பத்தியைத் தெரிவு செய்வதற்காக அதன் தலையிலிருந்து கால்வரை சுட்டெலியை இழுத்துக்கொண்டு திண்டாடியதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, எதுக்கு இழுக்கறீங்க? மூணு தடவை தட்டுங்க, போதும்" என்றாள். தட்டினோம், பத்தி முழுவதும் நிறம் மாறி நின்றது. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். இருமுறை தட்டினால் ஒரு சொல். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஒருமுறை தட்டினால் ஒரு வாக்கியம். இடப்பக்க ஓரத்து வெற்றிடத்தில் தட்டினால் ஒரு வரி. ஓரிடத்தில் தட்டிவிட்டு, ஷிப்ட் விசையை அழுத்தியபடி வேறிடத்தில் தட்டினால் இடைப்பட்டதெல்லாம். ஆல்ட் விசையுடன் இழுத்தால் பட்டியலின் ஒரு நெடும்பத்தி மட்டும்.

கண்ட்ரோலும் ஷிப்டும் இடக்கையில், சுட்டல் வலக்கையில்! எங்கெல்பார்ட்டின் ஐந்து விசைப் பலகை வேறு உருவில் நம் வீட்டுக்கு வந்துவிட்டதல்லவா? நமக்கு இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. கை வீட்டைவிட்டு அகலலாகாது என்று சொன்ன ஆசிரியரின் ரெமிங்டனிலும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் மணி அடித்தவுடன் இடக்கை மேலே போய் நெம்புகோலைத் தள்ளிவிட்டுத் திரும்பியதே! ஒரு பக்கத்துக்கு முப்பது முறை வெளியூர்ப் பயணம் போன கைதான் அது.

ஆயினும் இச்சுருக்கு வழிகளில் ஒரு பெருங்குறை உண்டு. அவை இருப்பது எவருக்கும் தெரியாது. திரையின் மேலே உள்ள பட்டியலைத் திறந்தால், பல ஏவல்களுக்கு எதிரே அவற்றுக்குரிய விசைகள் அச்சிடப்பட்டுள்ளன. நாள்தோறும் பார்த்துப் பார்த்தே மனப்பாடமாகிவிடும். மும்முறை தட்டினால் பத்தி என்பதோ, ஓரத்தில் தட்டினால் வரி என்பதோ அப்பட்டியலில் எழுதப்படவில்லை. ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டுக் கற்கும் குருகுல வித்தையாகவே அவை வழங்கி வருகின்றன. சொல்லித்தர ஒரு சிறுமி பக்கத்தில் இல்லாத முதியவர்கள் எத்தனை பேர்!

அடுத்த குறை, முதிய கைக்கு உரியது. இருமுறை தட்டும்போது இரண்டு தட்டல்களுக்கும் நடுவே அரை விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது விண்டோஸ் கணிப்பொறிகளில் தொடக்கத்தில் வைக்கப்பட்டுள்ள அளவு. அதற்குள் கை அதிகம் நகரவும் கூடாது. நடுங்கும் விரலுக்கு இரண்டும் கடினம். இந்தக் கால அளவை அமைப்பில் போய் நீட்டிக்கொள்ளலாம். இதனை அறியாமல், "இனி நமக்கு இது வராது" என்று கணிப்பொறியையே மூடிவைத்துவிட்ட நண்பர்கள் நமக்கு உண்டு.

எது விரைவானது என்ற வழக்கும் நெடுநாளாக நடந்து வருகிறது. ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்னும் மூவர் 1980ஆம் ஆண்டு இதற்கு ஒரு கணக்கு வகுத்தனர். தேர்ந்த கை ஒரு விசையைத் தட்ட 0.2 விநாடி, கை விசைப்பலகையிலிருந்து சுட்டெலிக்குப் போக 0.4 விநாடி; திரையில் ஓரிடத்தைச் சுட்ட 1.1 விநாடி, அடுத்து என்ன செய்வது என்று மனம் ஆயத்தமாக 1.35 விநாடி. இதைக்கொண்டு நாமே கூட்டிப் பார்த்தோம். தொலைவில் உள்ள ஒரு சொல்லைச் சுட்டெலியால் இருமுறை தட்டித் தெரிவு செய்து கை வீடு திரும்ப ஏறக்குறைய 2.3 விநாடி ஆகிறது. அம்பு விசையால் வரிவரியாக அங்கே இறங்குவதென்றால் பத்து வரிக்கே இரண்டு விநாடி. அதன்பின் சொல்லுக்குச் சொல் தாண்ட வேண்டும். ஆனால் திருத்த வேண்டிய சொல் பக்கத்திலேயே இருந்தால் மூன்று விசைகள், 0.6 விநாடி, சுட்டெலி தோற்றது. எனவே, அண்டை வீட்டுக்கு விசை, அயலூருக்குச் சுட்டெலி என்பதே நம் முடிவு. இவை எல்லாவற்றிலும் பெரிய செலவு மனத்தின் 1.35 விநாடிதான் என்பதையும் அன்பர்கள் கவனிக்க வேண்டும். எந்த வழி என்று யோசிக்காமல் கை தானே செய்யும் வழியே விரைவான வழி.

இக்கணக்கெல்லாம் ஆங்கிலத்துக்கு வகுத்தது. தமிழ் எழுதும்போது வேறு சில தொல்லைகள் வருகின்றன. ஒருங்குறி வருவதற்கு முன்பு வழங்கிய எழுத்துருக்களில், குறியீடுகளுக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்துகள் சில குடியேற்றப்பட்டிருந்தன. அதனால் ஒரு சொல்லின் மேல் இருமுறை தட்டினால், பாதிச் சொல் மட்டும் தெரிவாகிப் பாதி வெளியே நிற்கும். இன்று அந்தத் துன்பம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் தமிழ்ச் சொல்லின் இயல்பு வேறொரு சிக்கலைத் தருகிறது. 'வந்துகொண்டிருக்கின்றனர்' என்பதன் கடைசியை மட்டும் மாற்ற விரும்பினாலும், இருமுறை தட்டினால் முழு ரயில்தொடரும் அகப்படும். கடைப்பெட்டியை மட்டும் கழற்ற இருமுறைத் தட்டல் உதவாது; அங்கே விசைகள் துணை. 'கொ' என்னும் எழுத்தின் உள்ளேயும் சுட்டெலி நுழைய முடியாது. எழுத்தின் பின்னே நின்று பின்னழி விசையைத் தட்டினால், பெரும்பாலான செயலிகளில் உயிர்க்குறி மட்டும் நீங்கிக் 'க' மிஞ்சும். முன்னே நின்று அழித்தால் எழுத்தே போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிது ஒற்றுத் தொல்லை. 'அந்தப் பெரிய வீடு' என்று எழுதியிருந்தோம். 'பெரிய' என்பது வேண்டாம் என்று இருமுறை தட்டி நீக்கினோம். மிஞ்சியது 'அந்தப் வீடு'. பகரத்துக்காக வந்த ஒற்று, அது போன பின்னும் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறது! ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எடுத்தால் அச்சொல் மட்டுமே போகும். தமிழில் ஒரு சொல்லை எடுத்தால் முன்சொல்லின் கழுத்தையும் பார்க்க வேண்டும். நம் இதழில் ஒற்றுப்பிழை மலிந்துவிட்டதென்று கடிதம் எழுதும் புலவர்கள், அவற்றுள் பல அறியாமையால் வந்தவை அல்ல, சுட்டெலியால் வந்தவை என்பதை உணர்ந்து மன்னிக்க வேண்டுகிறோம்.

ஆனால் புலவர்கள் மன்னித்தாலும் நம் மனம் மன்னிக்காத பிழை ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினோம்.

சில ஆண்டுகளுக்கு முன், சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பல்லாண்டுகள் நம் குழந்தைகளுக்கு அகரம் கற்பித்த அம்மையார் ஒருவர் காலமானார். இரங்கற் குறிப்பை நாமே எழுதினோம். 'அம்மையாரை இழந்தோம்' என்பது முதல் வாக்கியம். 'சென்ற மாதம் 12ஆம் நாள் இரவு உறக்கத்திலேயே உயிர் நீத்தார்' என்பது அடுத்தது. அதன்பின் அவருடைய தொண்டைப் பற்றிச் சில வரிகள். இறுதியில், 'அவர்தம் கணவர் ரயில்வே அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்' என்று முடித்திருந்தோம்.

அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய இரவு. தேதியைச் சரிபார்ப்பதற்காகக் கண்ட்ரோல் விசையுடன் தட்டி அந்த இரண்டாம் வாக்கியத்தை நிறம் மாற்றி வைத்துக்கொண்டு, நாட்குறிப்பைப் புரட்டினோம். தேதி சரியாகவே இருந்தது. மீண்டும் சுட்டெலியில் கை வைத்தபோது, தெரிவாகியிருந்த வாக்கியத்தின் மேல் பொத்தான் அழுந்தியிருக்க வேண்டும். களைத்த கை சற்றே நழுவியிருக்க வேண்டும். தெரிவானதை அழுத்தி நகர்த்தினால், வேறிடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறோம் என்று செயலி பொருள்கொள்ளும். இதுவும் ஒரு சுருக்கு வழியே. வாக்கியம் கிளம்பிப் பத்தியின் கடைசியில் போய் அமர்ந்துகொண்டது. நாம் கவனிக்கவில்லை.

இதழ் வெளிவந்தது. அதில், 'அவர்தம் கணவர் ரயில்வே அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் 12ஆம் நாள் இரவு உறக்கத்திலேயே உயிர் நீத்தார்' என்று இருந்தது. எடுத்த இடத்தில் வடு இல்லை. சேர்ந்த இடத்தில் தையல் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான நம் மொழியின் மரியாதை விகுதியே அப்பிழையை மூடி மறைத்துவிட்டது. எழுவாயைச் சொல்லாமல் விடும் தமிழ் வழக்கும் அதற்குத் துணை போயிற்று.

மூன்றாம் நாள் அப்பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. "சார், திருநெல்வேலியிலிருந்து என் தம்பி அழுதுகொண்டே போன் செய்தான். நான் எடுத்ததும் அவனால் பேச முடியவில்லை" என்றார். நாமும் பேச முடியாதவராக இருந்தோம்.

அன்று மாலையே அவர் இல்லம் சென்றோம். அம்மையாரின் படத்துக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நம் இதழ், அந்தப் பக்கம் மேலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாம் சுட்டெலி, நழுவல் என்று ஏதேதோ விளக்கத் தொடங்கினோம். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "என்னைப் பற்றி விடுங்கள். அவள் பெயர் அச்சில் வந்தது இந்த ஒரு பக்கத்தில்தான். அவள் என்று போனாள் என்பதே இதில் இல்லாமல் போய்விட்டது. அதைச் சரியாகப் போட்டுக் கொடுங்கள், ஊருக்கு அனுப்ப வேண்டும்" என்றார். நாம் அவருக்குச் செய்த தவற்றுக்கு வருந்திப் போனோம். அவரோ அம்மையாருக்கு நேர்ந்த குறையைச் சொல்லி அனுப்பினார். அடுத்த இதழில் அக்குறிப்பு முழுவதும் வருத்தத்துடன் மறுபடி வெளியாயிற்று. தனித்தாளாகவும் அச்சிட்டு அவரிடம் சேர்த்தோம்.

அதன்பின் பலநாள் சிந்தித்தோம். தட்டச்சு இயந்திரத்தில் நாம் செய்த பிழைகள் எண்ணில. ஆனால் அவை ஒவ்வொன்றும் தாளில் அடையாளம் விட்டன: அடித்த எழுத்தின் மேல் அடித்த கறை, அழிப்பானின் தேய்வு, வெள்ளைப் பூச்சின் மேடு. பார்ப்பவர் கண்ணுக்குப் பிழை நேர்ந்த இடம் தெரியும். சுட்டெலியின் பிழை சுவடு வைப்பதில்லை. கைக்கு எளிமையான கருவி, கண்ணுக்கு வேலையைக் கூட்டிவிடுகிறது. ஆகவே சுட்டெலியை வெறுப்பது தீர்வாகாது. அதன் எளிமைக்கு ஈடாக நாம் எதைச் செலுத்த வேண்டும் என்று அறிவதே தீர்வு.

கிளைச் சங்கங்களில் இதழ்ப் பணி செய்யும் அன்பர்களுக்காக நம் அனுபவத்தில் கண்டதைச் சொல்லி முடிக்கிறோம். தெரிவானதை இழுத்து நகர்த்தும் வசதியை அமைப்பில் போய் நிறுத்திவைக்கச் சில செயலிகள் இடந்தருகின்றன, நாம் நிறுத்திவிட்டோம். ஒரு சொல்லை எடுத்தாலும் சேர்த்தாலும் அதன் முன்சொல்லின் ஒற்றைப் பார்க்கிறோம். தெரிவு செய்த பகுதியை விட்டுக் கண்ணை எடுக்கும் முன், வேறிடத்தில் ஒருமுறை தட்டி அத்தெரிவை நீக்கிவிடுகிறோம். இருமுறை தட்டும் கால அளவை நம் வயதுக்கு ஏற்ப நீட்டி வைத்திருக்கிறோம். கடைசிப் படியைத் திரையில் அன்றித் தாளில் எடுத்துப் படிக்கிறோம்.

அந்தக் கடைசிப் படியை நாம் மட்டும் படிப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் அச்சுக்குப் போகுமுன் அந்த ரயில்வேப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அவர் கூடத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வரிவரியாக விரல் வைத்து, உரக்கப் படிக்கிறார். இந்தப் பக்கத்தையும் அவரே படித்து, இரண்டு ஒற்றுகளைத் திருத்திக் கொடுத்தார்.